நீத்தண்ணி நீலமான மாலை

எனக்குக் கணையம் என்று ஓர் உறுப்பு இருப்பது முப்பத்து நாலு வயது வரை தெரியாது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே படுத்துக் கிடக்கிறதாம். தின்ற சோற்றைக் கரைக்கிற சாறு அதில்தான் ஊறுகிறதாம். இத்தனை வருஷம் ஒரு சத்தமும் போடாமல் வேலை பார்த்த அந்த உறுப்பு, போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் சாற்றால் தன்னையே கரைக்க ஆரம்பித்துவிட்டது.

பிழைத்து வந்து எட்டு மாதம் ஆகிறது. குர்லாவில் நான் லேத் ஓட்டுகிற பட்டறையிலும், தாராவியில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கிற எங்கள் சாலிலும், பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. வாயால் சொல்லும்போது ஓர் இடத்தை நைசாகத் தாண்டிப் போய்விடுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். எழுதினால் தாண்ட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. என் மனைவி இசக்கியம்மாள் வைத்தால் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவேன், அன்று மூன்று தடவை. மூன்று மணிக்கு மேல் வயிற்றில் ஒரு வலி கிளம்பியது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வழியாக வெளியே வரப் பார்க்கிற வலி. மல்லாந்து படுத்தால் உயிர் போனது. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கியது. வாந்தி நிற்கவே இல்லை.

இசக்கி ஓடிப்போய் அவள் அண்ணனைக் கூட்டி வந்தாள். சுடலைமுத்து மச்சான் எங்கள் சாலிலேயே இரண்டு கதவு தள்ளி இருக்கிறார். தோல் பட்டறையில் வேலை. ஆனால் தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் அவரைத் தேடி வருவது வேறு காரியத்துக்கு. குடலேற்றம் எடுப்பதில் கைராசிக்காரர் என்று பெயர். வயிறு வலித்தால் குடல் இடம் மாறி மேலே ஏறிக்கொண்டது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எண்ணெய் போட்டு நீவி அதை இறக்கிவிட வேண்டும். மச்சான் என் வயிற்றில் ஒரு விரலை வைத்தார், உடனே தெரிந்துவிட்டது அவருக்கு.

"கொடலேத்தம்தான் வே. கறிய அள்ளித் தின்னா ஏறத்தான செய்யும். படும், ஒரு நிமிசத்துல எறக்கி விட்டுருதேன்."

விளக்கெண்ணெயை ஊற்றி, விலாவிலிருந்து தொப்புளுக்கு இழுத்தார். நான் போட்ட கத்தலில் எதிர்ச் சாலில் ரேடியோவை அணைத்தார்கள்.

"ரெண்டு மூணு மட்டம் இழுத்தாத்தான் வழிக்கு வரும். கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிடும் மாப்ள."

கடித்துக்கொண்டேன். மூன்று தடவை இழுத்தார். அந்த மனிதர் முகத்தில் இருந்த அக்கறையை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரமாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை விடியும்போது என் உதடு வெளுத்துச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. "இது நம்ம கையில நிக்காது, டாக்ஸி பிடி" என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அங்கே எனக்கு நல்லதுதான் செய்தார்கள். இளவயசு ஹவுஸ் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு முதல் கேள்வியாகக் கேட்டார்: "தாரு பீதா ஹை?"

சாராயம் குடிப்பாயா என்று. "நஹி சாப்" என்றேன். எங்கே இருக்கிறாய் என்றார். தாராவி என்றேன். ஓஹோ என்று தலையை ஆட்டி, காகிதத்தில் என்னவோ எழுதினார். பம்பாய் மதுவிலக்கு அமலில் இருக்கிற ஊர். அதனாலேயே சந்து பொந்துகளில் திருட்டுச் சாராயம் ஓடுகிறது, அதில் தாராவிக்குப் பெரிய பெயர். கணையம் அழலுவதற்குக் குடி ஒரு முக்கியக் காரணமாம். ஆக, தாராவி ஆண்பிள்ளை, கணைய அழற்சி, வேறென்ன வேண்டும்? பதினைந்து வயதில் ஊரில் பனங்கள்ளை ஒருமுறை வாயில் வைத்துத் துப்பியதைத் தவிர எனக்கும் குடிக்கும் சம்பந்தமில்லை. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? மச்சானே கட்டில் பக்கம் குனிந்து, "எங்கிட்டயாவது உண்மையச் சொல்லும் வே, தங்கச்சிட்ட சொல்ல மாட்டேன்" என்றார். இசக்கி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

அன்று காலை பத்து மணி வாக்கில் ஒரு தட்டு நிறையக் கண்ணாடிக் குழாய்களோடு ஒரு பெண் வந்தாள். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் சின்னப் பொட்டு. காகிதத்தில் பெயரைப் படித்துவிட்டு நேராகத் தமிழில் பேசினாள்.

"செல்லதுரையா? நான் லேப்ல இருக்கேன், லலிதா. ஆம் மாதுங்கால. கைய நீட்டுங்கோ, பயப்படாதேங்கோ, எறும்பு கடிச்சாப்பல இருக்கும்."

அந்த வார்டில் இந்தியும் மராத்தியுமாகக் கேட்டுக் கேட்டுப் பயந்து கிடந்த எனக்கு, அந்த மாதுங்காத் தமிழ் பாதி வலியைக் குறைத்தது. அவள் தினமும் வந்தாள். நான் தினமும் கேள்வி கேட்டேன். லேத் ஓட்டுகிறவனுக்கு எதையும் அளந்து சொன்னால்தான் நம்பிக்கை வரும். என் ரத்தத்தில் மூன்று அளவுகள் எடுத்தார்கள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

முதலாவது அமைலேஸ். கணையத்தின் சாறுதான் அது. மாவைத் தின்னும். வழக்கமாக ரத்தத்தில் கொஞ்சம்தான் இருக்கும். கணையம் அழன்றால் சாறு கசிந்து ரத்தத்தில் ஏறிவிடும். அதைப் பார்க்க, மாவுக் கரைசலில் ரத்தத்தின் தெளிநீரைக் கலந்து சூட்டில் வைக்கிறார்கள். பிறகு அயோடின் விடுகிறார்கள். மாவும் அயோடினும் சேர்ந்தால் நீலம். சாறு அதிகம் இருந்தால் மாவைத் தின்று தீர்த்திருக்கும், நீலம் வராது.

"உங்களோடதுல நீலமே காணோம். எல்லாத்தையும் தின்னுடுத்து" என்றாள் லலிதா.

இரண்டாவது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. உடம்பில் எங்கே தீப்பற்றினாலும் ஓடிவருகிற ஆட்கள் இந்த வெள்ளை அணுக்கள். விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கட்டம் போட்ட கண்ணாடியில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணுவார்களாம். மூன்றாவது இ.எஸ்.ஆர். ஒல்லியான, கோடு போட்ட குழாயில் ரத்தத்தை ஏற்றிச் செங்குத்தாக நிறுத்தி வைப்பார்கள். சிவப்பு அணுக்கள் மெதுவாகக் கீழே இறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை கோடு இறங்கியது என்பதுதான் கணக்கு. நல்ல உடம்பில் ஏழெட்டுக் கோடு. அழற்சி இருந்தால் அணுக்கள் சில்லறைக் காசு அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கனம் கூடி விறுவிறுவென்று இறங்கும்.

"எல்லாம் சரிம்மா, எதனால வந்துதுன்னு இந்தக் கணக்கு சொல்லுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லாது. தீ எரியறதான்னு சொல்லும், எவ்வளவுன்னு சொல்லும். யார் வெச்சான்னு சொல்லாது."

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காகிதத்தில் குடிகாரன் என்று எழுதியிருந்ததை எந்தக் குழாயாலும் அழிக்க முடியாது என்று ஆயிற்று.

வைத்தியம் என்னவென்றால், வைத்தியமே கணையத்தைச் சும்மா விடுவதுதான். வாய் வழியாக ஒன்றும் உள்ளே போகக்கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் இரைப்பையைத் தொட்டாலும் கணையம் சாறு சுரக்கக் கிளம்பிவிடுமாம். மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயை இரைப்பைக்குள் விட்டு, ஊறுவதை எல்லாம் உறிஞ்சி எடுத்தார்கள். கையில் குளுகோஸ் ஏறியது. வலிக்கு ஊசி, காய்ச்சலுக்கு ஊசி. வலியைக்கூடத் தாங்கிவிடலாம், தாகம் இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை. நாக்கு மரப்பலகை மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வார்டு மூலையில் இருந்த மண்பானையையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். மற்ற நோயாளிகள் அதில் மொண்டு குடிக்கிற சத்தம் கேட்கும்போது அழுகை வரும். ஒருநாள் அழுதும் இருக்கிறேன்.

இசக்கி தினம் நாலு மணிக்குப் பார்வையாளர் நேரத்தில் வருவாள். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுவாள். மச்சான் பட்டறை விட்டதும் நடந்தே வருவார். தோல் வாடை வரக்கூடாது என்று இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கட்டில் பக்கம் வருவார். எதையாவது செய்ய வேண்டுமே அவருக்கு. என் காலைப் பிடித்துவிடுவார். வயிற்றுப் பக்கம் கையைக் கொண்டுபோகவே மாட்டார்.

நாலாம் நாள் எல்லாமே நல்லபடியாக இருந்தது. அமைலேஸ் இறங்கிவிட்டது. முதல் நாள் பதினாறாயிரம் இருந்த வெள்ளை அணு பதினோராயிரத்துக்கு வந்தது. வலியும் இல்லை. மூக்குக் குழாயை எடுத்தார்கள். ஹவுஸ் டாக்டர் என்னிடம் விரலை நீட்டி இந்தியில் சொன்னார்: இன்னும் மூன்று நாளைக்கு ஒரு சொட்டுக்கூட வாயில் விடக்கூடாது, தண்ணீரும் கூடாது. நன்றாகவே புரிந்தது எனக்கு.

இனிதான் நான் தாண்டிப் போகிற இடம்.

அன்று நாலு மணிக்கு இசக்கி வந்து, மூக்கில் குழாய் இல்லாததைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"கொழாய எடுத்துட்டாவளா? இனி வாயில குடுக்கலாமா?"

ஒரு விநாடிதான் யோசித்தேன்.

"குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. சோறு வேண்டாம். நீத்தண்ணி மட்டும்."

நீத்தண்ணி என்பது பழைய சோற்றில் ஊறி லேசாகப் புளித்த தண்ணீர். எங்கள் ஆட்களுக்கு அது சாப்பாடு கணக்கிலும் வராது, தண்ணீர் கணக்கிலும் வராது. வயிற்றைக் குளிர்விக்கிற சங்கதி. டாக்டர் சொன்னார் என்று நான் சொன்னதை அவள் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். எந்த டாக்டரும் நீத்தண்ணி வேண்டாம் என்று சொல்வார் என்று அவளுக்குத் தோன்றியிராது.

வீட்டுக்குப் போய்த் திரும்பி வர நேரமிருந்தது. ஓட்டமும் நடையுமாகப் போய், மிக்ஸ்சர் மருந்து வாங்க வைத்திருந்த ஆஸ்பத்திரிக் குப்பியைக் கழுவி, அதில் கொண்டுவந்தாள். சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு, உப்பும் போட்டு. வார்டைப் பார்த்துக்கொள்கிற பெரிய சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஒரே மூச்சில் குடித்தேன். அந்தக் குளிர்ச்சி தொண்டையில் இறங்கியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு ருசியாக எதையும் குடித்ததில்லை. மறுநாளும் கொண்டுவந்தாள், மறுநாளும் குடித்தேன். நான் குடிப்பதில்லை என்ற உண்மையைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. இந்தப் பொய்யைச் சொன்னேன், ஒருத்தி நம்பினாள்.

ஆறாம் நாள் காலையில் அந்த வலி திரும்பி வந்தது. காய்ச்சலும் ஏறியது. லலிதா விரலைக் குத்தும்போது அவள் முகத்தில் வழக்கமான சிரிப்பைக் காணோம். வெள்ளை அணு பத்தொன்பதாயிரம். இ.எஸ்.ஆர். எழுபத்தெட்டுக் கோடு. அமைலேஸ் மறுபடி மேலே. பெரிய டாக்டர் கட்டிலைச் சுற்றி மாணவர்களை நிறுத்திக்கொண்டு நெடுநேரம் என் வயிற்றைத் தடவினார். ஆள் உயரம், பேச்சு குறைவு. லலிதாவைப் பார்த்து ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். அவள் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னாள்:

"வலி நின்னப்புறம் வெள்ளை அணு கவுன்ட் இப்படி ஏறக்கூடாதாம். உள்ளுக்குள்ள சீழ் கட்டியிருக்குமோன்னு சந்தேகப்படறார். நாளைக்குக் காலம்பற மறுபடி பார்ப்போம். இன்னும் ஏறியிருந்தா வயித்தைத் திறந்துதான் ஆகணும்."

அழன்று கிடக்கிற கணையத்தைத் திறந்தால் பிழைப்பது கஷ்டம் என்று அடுத்த கட்டில்காரர் எனக்கு இரண்டாம் நாளே சொல்லி வைத்திருந்தார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இரண்டு குப்பி நீத்தண்ணி குடித்தேன் சாப் என்று ஒரு வாக்கியம். வெட்கமாக இருந்தது. அதோடு, வெறும் நீத்தண்ணி இவ்வளவு செய்யுமா என்றும் ஒரு பக்கம் தோன்றியது. சாகிற பயமும் வெட்கமும் சண்டை போட்டால் பயம்தான் ஜெயிக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. மத்தியானம் முழுக்க வெட்கமே ஜெயித்தது.

நாலு மணிக்கு இசக்கி குப்பியோடு வந்தாள், கூடவே மச்சானும். வலியில் சுருண்டு கிடந்த என்னைப் பார்த்துப் பதறினாள். "வேண்டாம், வேண்டாம்" என்று நான் கையை ஆட்டினேன். அதற்குள் பெரிய சிஸ்டர் வந்துவிட்டார். பையிலிருந்து குப்பியைப் பிடுங்கி, தக்கையை எடுத்து மோந்தார். முகம் சுளித்தது.

"தாரு! பேஷன்டுக்கு தாரு கொண்டு வந்திருக்கா இந்தப் பொம்பளை!" என்று இந்தியில் கூச்சல் போட்டார். "வாசல்ல இருக்கற ஹவில்தாரைக் கூப்பிடு!"

கலங்கலான தண்ணீர், புளித்த வாடை, கட்டிலில் கிடப்பவன் குடிகாரன் என்று எழுதிய காகிதம். அந்த அம்மாளையும் குறை சொல்ல முடியாது. வார்டு முழுவதும் எங்களைப் பார்த்தது. போலீஸ் ஹவில்தார் தடியோடு வந்தே விட்டார். மதுவிலக்குச் சட்டத்தில் சாராயத்தோடு பிடிபட்டால் ஜெயில். இசக்கிக்கு இந்தி அரைகுறை. என்ன குற்றம் என்றே புரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, என்னத்தக் கொண்டாந்த? சொல்லித் தொலையேன்!" என்று மச்சான் அவள்மேல் பாய்ந்தார்.

சாயங்கால ரத்தம் எடுக்க லலிதா அப்போதுதான் தட்டோடு வந்தாள். குப்பியை வாங்கி மோந்து பார்த்தாள்.

"சிஸ்டர், இது சாராயம் இல்லை. பழைய சாதத்துத் தண்ணி. எங்காத்துலயும் உண்டு."

சிஸ்டர் நம்புவதாக இல்லை. மதறாஸிக்கு மதறாஸி சாட்சியா என்று கேட்டார். சத்தம் கேட்டுப் பெரிய டாக்டரும் வந்து நின்றார். லலிதா, புண்ணுக்குக் கட்டுப்போடுகிற தள்ளுவண்டியில் இருந்த அயோடின் பாட்டிலை எடுத்தாள். குப்பியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, அதில் ஒரு சொட்டு அயோடின் விட்டாள்.

நீலம். மைக்கூட்டை ஊற்றியதுபோல் அடர்நீலம்.

"சாராயம் காய்ச்சி வடிக்கறது. ஆவிதான் இறங்கும், மாவு இறங்காது. மாவு இருந்தாத்தான் இப்படி ஆகும்" என்று முதலில் டாக்டருக்கு ஆங்கிலத்திலும், பிறகு ஹவில்தாருக்கு இந்தியிலும், கடைசியாக எங்களுக்குத் தமிழிலும் சொன்னாள். ஹவில்தார் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இதற்கா என்னைக் கூப்பிட்டீர்கள் என்று போய்விட்டார்.

பெரிய டாக்டர் மட்டும் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, எத்தனை நாளாக என்றார். நேற்றும் முந்தாநாளும் என்றேன். எவ்வளவு? ஒரு குப்பி, ஒரு குப்பி. அவர் நெடுமூச்சு விட்டார். கோபமா நிம்மதியா என்று தெரியவில்லை. ஆறிக்கொண்டிருந்த கணையத்துக்கு நீயே வேலை கொடுத்திருக்கிறாய், கவுன்ட் ஏறாமல் என்ன செய்யும் என்றார். சீழ் என்று நாளைக்கு உன்னைத் திறந்திருப்பேன், தெரியுமா என்றார். மூக்குக் குழாயை மறுபடி போடச் சொன்னார்.

"ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று தெளிவாகச் சொன்னோமே?" என்றார் சிஸ்டர்.

எல்லோரும் இசக்கியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. 'இவுகதான் சொன்னாவ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவளுக்குத் தெரியாது சாப்" என்றேன். பொய் இல்லைதான். படிக்காத பொம்பளை, அறியாமல் கொடுத்துவிட்டாள் என்று அதைக் கேட்ட அத்தனை பேரும் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே சொன்னேன். இந்தப் பெண் இனி வார்டுக்குள் வரக்கூடாது என்று சிஸ்டர் உத்தரவு போட்டார். மச்சான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "புருசனக் கொல்லப் பாத்தியேட்டி" என்று அவர் சொல்லிக்கொண்டே போனது வராந்தா முடியும்வரை கேட்டது.

காலையில் லலிதா விரலைக் குத்தினாள், கையிலும் ரத்தம் எடுத்தாள். இ.எஸ்.ஆர். குழாய் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் யோசித்த அளவுக்கு நான் என் வாழ்நாளில் யோசித்ததில்லை. வலி குறைந்திருந்ததா, குறைந்ததாக நினைத்துக்கொண்டேனா என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் அவள் காகிதத்தோடு வந்தாள்.

"கவுன்ட் பதினாலாயிரம். இறங்கிடுத்து!"

"இ.எஸ்.ஆர்.?"

கொஞ்சம் தயங்கினாள். "எண்பத்தஞ்சு."

நேற்று எழுபத்தெட்டு. ஏறியிருந்தால் திறப்பேன் என்றாரே?

"பயப்படாதேங்கோ. கவுன்ட் அன்னன்னிக்கு உள்ளதைச் சொல்லும். இ.எஸ்.ஆர். அப்படி இல்லை, மந்தம். தீ பிடிச்சப்புறம் மெதுவா ஏறும், அணைஞ்சப்புறமும் நாள் கணக்கா ஏறிண்டே நிக்கும். டாக்டருக்குத் தெரியும்."

டாக்டருக்குத் தெரிந்திருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் அட்டையைப் பார்த்தார். பதினாலாயிரத்தின் அடியில் ஒரு கோடு போட்டார். கத்தி வேண்டாம், காத்திருப்போம் என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் திரும்பி இதைச் சொல்ல ஆளில்லை.

"உங்காத்துக்காரிகிட்ட நானே போய்ச் சொல்லட்டுமா? வாசல்ல நிக்கறா" என்றாள் லலிதா.

"எப்ப வந்தா?"

"நான் ட்யூட்டிக்கு வரப்பவே நின்னுண்டிருந்தா. உள்ள விடலைன்னா."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. குழாய் போட்ட மூக்கோடு, அழுதுகொண்டே, டாக்டருக்கும் சிஸ்டருக்கும் லலிதாவுக்கும் கேட்கும்படி எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் சொன்னேன். கேட்டது நான். டாக்டர் கொடுக்கச் சொன்னார் என்று பொய் சொன்னதும் நான். அவள் ஒன்றும் அறியாதவள். தண்டனை கொடுப்பதானால் எனக்குக் கொடுங்கள், அவளை உள்ளே விடுங்கள். சிஸ்டர் என்னை முறைத்தார். பிறகு அவரே வாசலுக்கு நடந்து போய் அவளைக் கூட்டி வந்தார்.

இசக்கி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. நேற்றே சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்ல? என் புருசன் பொய் சொன்னாவன்னா? ஏற்கனவே குடிகாரன்னு எழுதி வச்சிருக்காவ. பொய்யன்னு வேற எழுதணுமா?"

ஈரத்துணியை எடுத்து என் உதட்டைத் துடைத்தாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே.

மூன்றாவது வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு மாத்திரையைக் கொடுத்து வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல். அதில் ஒரு கல் உருண்டுபோய் வழியை அடைத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணமாம். பெரிய டாக்டர் பழைய காகிதத்தை எடுத்து, குடி என்று எழுதியிருந்த இடத்தைப் பேனாவால் அடித்தார். அந்தப் படத்தை மச்சானிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கற்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "கல்லுன்னு தெரிஞ்சா நான் நீவியிருப்பனா வே" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மூன்று மாதம் கழித்துப் பித்தப்பையை எடுத்தார்கள். அது நல்லபடியாக முடிந்தது. இப்போது மச்சானிடம் வயிற்றுவலி என்று யாராவது வந்தால், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வா என்கிறார்.

ஆனால் இசக்கி மாறிவிட்டாள். கஞ்சி கொடுப்பாள், இட்லி கொடுப்பாள். நீத்தண்ணி என்று வாயெடுத்தால், "டாக்டர் சொன்னாவளா, நீங்க சொல்லுதியளா?" என்று கேட்பாள். வாராவாரம் ரத்தப் பரிசோதனைக்கு என்னோடு வந்தாள். லேப் வாசலில் நின்று கம்பி வலைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தக் குழாயையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அறுபது, நாற்பத்தொன்று, இருபத்தாறு. என்னிடம் கேட்கமாட்டாள், லலிதாவிடம்தான் கேட்பாள்.

பித்தப்பை எடுத்து ஆறாவது வாரம் எட்டுக் கோடு வந்தது. லலிதா வெளியே வந்து, என்னைத் தாண்டி அவளிடம் போனாள். "எட்டு. நல்ல உடம்புக்காரா கணக்கு. இனிமே எது வேணும்னாலும் குடுங்கோ" என்றாள்.

மறுநாள் காலையில் நான் பட்டறைக்குக் கிளம்பும்போது ஒரு சொம்பு என் முன்னால் வந்தது. நீத்தண்ணி, தட்டிப் போட்ட சின்ன வெங்காயத்தோடு. நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றேன்.

ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சொம்பை வாங்கி, அடியில் மிச்சமிருந்ததைத் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.